ஃப்ளூவாக்ஸெட்டின் பொடி: செல் வளர்ப்பறையில் எட்டு மாதம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மாத்திரைக்கான மதிப்புரை இல்லை. மனச்சோர்வுக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்து நீங்கள் விழுங்குகிற ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு நட்சத்திரம் போட எனக்குத் தகுதியும் கிடையாது, ஆசையும் கிடையாது. நான் எழுதப்போவது ஆய்வகத்துக்கென்று சின்னக் குப்பியில் வருகிற ஃப்ளூவாக்ஸெட்டின் ஹைட்ரோகுளோரைடு பொடியைப் பற்றி. 'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதன் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். வளர்ந்தவர்களின் உடம்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்லை, நரம்பு செல்லாக மாற்ற மனச்சோர்வு மருந்துகள் உதவும் என்று படித்துவிட்டு வாங்கினோம். உதவுகிறதா என்று பார்த்து முடிக்க எட்டு மாதம் ஆனது.

நான் விஞ்ஞானி இல்லை. செல் வளர்ப்பறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், பதினோரு வருடமாக. கட்டுரை வெளியானால் கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில் என் பெயர் வரும். சில சமயம் அங்கேயும் வராது. ஆனால் இன்குபேட்டரைத் தினம் திறந்து பார்ப்பவள் நான்தான். எந்த செல் சௌக்கியமாக இருக்கிறது, எது சாகப் போகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தால் எனக்குத் தெரியும். இந்த மதிப்புரைக்கு அந்தப் பார்வைதான் முதல்.

நட்சத்திரம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு: மூளையிலிருந்து எடுத்த முன்னோடி செல்களை, அதாவது நரம்பு செல்லாக மாறும் பாதையில் ஏற்கெனவே இருப்பவற்றை, வளர்ப்பவர் என்றால் 5க்கு 4. எலும்பு மஜ்ஜை செல்லை நியூரானாக (நரம்பு செல்லாக) மாற்றிவிடலாம் என்ற கனவோடு வாங்குகிறவர் என்றால் 5க்கு 1. அந்த ஒன்றும் பொடியின் தூய்மைக்காக.

குப்பியிலிருந்து தொடங்குகிறேன். பத்து மில்லிகிராம் என்பது எவ்வளவு சின்னது என்று கையில் வாங்கும்போதுதான் தெரியும். அடியில் ஒரு சிட்டிகைகூட இருக்காது, வெள்ளையாக ஒரு படலம், அவ்வளவுதான். திறப்பதற்கு முன்னால் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடம் சுற்றிவிடுங்கள். முதல் குப்பியை நான் அவசரத்தில் அப்படியே திறந்துவிட்டேன். பாதிப் பொடி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. கையுறையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் மீதியில் கொஞ்சம் எழும்பிப் பறந்து ஹூட்டின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எடை போடுகிற வேலையே வைத்துக்கொள்வதில்லை. குப்பிக்குள்ளேயே டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானை ஊற்றிக் கரைத்துவிடுகிறேன். கரைவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு தட்டுத் தட்டினால் தெளிந்துவிடுகிறது, வோர்டெக்ஸ்கூட வேண்டியதில்லை. சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20இல் வைத்தால் நிம்மதி. ஒரு குழாயை ஒரு தடவைதான் எடுக்க வேண்டும்; உருக்கி, மறுபடி உறையவைத்து, மறுபடி உருக்குகிற பழக்கம் வேண்டாம்.

இனி ஒரு மனக்குறை. குப்பியின் லேபிளில் கண்ணில் படுகிற அளவுக்கு அச்சிட்டிருந்த மூலக்கூறு எடை 309.3. அது உப்பாக மாறாத ஃப்ளூவாக்ஸெட்டினின் எடை. குப்பிக்குள் இருப்பதோ ஹைட்ரோகுளோரைடு உப்பு. அதன் எடை 345.8. இந்த எண் தகவல் தாளின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. எங்களிடம் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் தம்பி, நல்ல பையன், லேபிளை நம்பிக் கணக்குப் போட்டான். பத்து மில்லிமோலார் கரைசலுக்கு 2.9 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 3.2 மில்லி ஊற்றிவிட்டான். பத்து என்று எழுதி ஒட்டிய குழாயில் உண்மையில் ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போதுதான் என் கண்ணில் பட்டது. "அக்கா, பத்துக்கும் ஒன்பதுக்கும் செல்லுக்கு என்னக்கா தெரியப்போகுது?" என்றான். செல்லுக்குத் தெரியாமல் இருக்கலாம். நோட்டுக்குத் தெரியும். மூன்று வார பிளேட்டுகளைத் தூக்கிப் போட்டோம்.

விற்றவர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று ஒரு வரி வந்தது. அடுத்த குப்பி அதே லேபிளோடு வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. யாரிடம் வாங்கினாலும் எடை எந்த வடிவத்துக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்த தூய்மைச் சான்றிதழ் ஒழுங்காக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, மனச்சோர்வு மருந்தை ஏன் ஸ்டெம் செல்லுக்கு ஊற்ற வேண்டும்?

இதே கேள்வியை என் அண்ணன் போனில் கேட்டார். அவர் இரண்டு வருடமாக இந்த மருந்தைத்தான் சாப்பிடுகிறார், தினம் 20 மில்லிகிராம். "ஏம்மா, நான் முழுங்குறதைத்தான் நீ செல்லுக்கு ஊத்துறியாமே? அப்ப என் தலைக்குள்ள புதுசா மூளை முளைக்குதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கேள்விக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது எனக்குக் கேட்டது.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இந்த வகை மருந்துகளிடம் ஒரு பழைய புதிர் உண்டு. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே அவை, நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுகின்றன. மனசு தெளிவதற்கோ வாரக் கணக்கில் ஆகிறது. இடைப்பட்ட நாட்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது? 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் டூமன் குழு எலிகளுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிதாகப் பிறக்கும் செல்கள் கூடியிருந்தன. இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து கொடுத்தபோதுதான் அப்படி. ஒரு நாள், ஐந்து நாள் கொடுத்தால் பலன் இல்லை. மருந்து வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் காலமும் புது நியூரான் முதிர எடுக்கும் காலமும் ஏறக்குறைய பொருந்தின. 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எலியின் ஹிப்போகேம்பஸில் மட்டும் எக்ஸ்ரே பாய்ச்சிப் புது செல்கள் பிறப்பதை நிறுத்தியதும், ஃப்ளூவாக்ஸெட்டினால் எலியின் நடத்தையில் வரவேண்டிய மாற்றம் வராமல் போனது.

படிக்கும்போதே பரபரப்பாக இருக்கும். மருந்து மூளைக்குள் நியூரானைப் பிறக்க வைக்கிறது என்றால் தட்டில் வைத்தும் பிறக்க வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அதுவும் மூளையிலிருந்து செல் எடுப்பது லேசான காரியமா? இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்கலாம், தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை எடுக்கலாம், இரண்டிலும் ஸ்டெம் செல் கிடைக்கும். அந்த செல்லின் மேல் ஃப்ளூவாக்ஸெட்டினையும் இன்னொரு மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினையும் ஊற்றி நரம்பு மார்க்கர்கள் (நரம்பு செல்லை அடையாளம் காட்டும் புரதங்கள்) கூடுகின்றனவா என்று சோதித்த கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. எங்கள் மேடமும் அவற்றைப் படித்துவிட்டுத்தான் குப்பிக்கு ஆர்டர் போட்டார்.

முதலில் மஜ்ஜை செல். நாலாவது பாசேஜ் (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றியது நாலாவது தடவை), 24 குழி பிளேட், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அளவு: மருந்தே இல்லாதது, 1, 5, 10, 20 மைக்ரோமோலார் (செறிவின் அளவு, மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒன்று). மஜ்ஜை ஸ்டெம் செல்லைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரத் துணியை உதறித் தரையில் போட்டால் எப்படிப் பரந்து கிடக்குமோ அப்படித்தான் அது பிளாஸ்டிக்கின் மேல் கிடக்கும். அகலமாக, தட்டையாக, எந்த அவசரமும் இல்லாமல்.

20 மைக்ரோமோலார் வரிசை இரண்டாம் நாளே கையை விரித்துவிட்டது. செல்லுக்குள் குமிழ் குமிழாகப் பைகள். ஃப்ளூவாக்ஸெட்டின் ஒரு பக்கம் கொழுப்போடு சேரும், மறுபக்கம் நேர்மின்னூட்டம் உள்ள மூலக்கூறு. அந்த மாதிரி மருந்துகள் செல்லின் அமிலப் பைகளான லைசோசோமுக்குள் புகுந்து வெளியே வர முடியாமல் சேர்ந்துகொண்டே போகும். அதன் அடையாளம்தான் அந்தக் குமிழ்கள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பாதி செல்கள் பிடி விட்டு மிதந்தன. நீங்கள் வாங்கினால் 20 பக்கமே போகாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் இருக்கிற அளவு ஒரு மைக்ரோமோலாருக்குப் பக்கத்தில்தான். மூளையில் அதைவிடப் பல மடங்கு சேரும், உண்மைதான். அதற்காகத் தட்டில் வெள்ளம் விட வேண்டியதில்லை.

10 மைக்ரோமோலார் வரிசையில்தான் கதை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம் மூச்சு நின்றது. தட்டையாகக் கிடந்த செல்கள் உருண்டு திரண்டு, நடுவில் ஒளிரும் உடல், அதிலிருந்து இரண்டு மூன்று மெல்லிய இழைகள் அடுத்த செல்லைத் தொடுவது போல நீண்டு கிடந்தன. பாடப் புத்தகத்துப் படம் மாதிரியே. மேடமுக்குப் படம் அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் வளர்ப்பறை வாசலில் நின்றார், ஷூ கவர்கூடப் போடாமல். "இது நியூரான்தானே? நீ என்ன சொல்றே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே பிளேட்டின் முதல் வரிசையை, மருந்தே போடாத வரிசையை, லென்ஸுக்குக் கீழே நகர்த்தினேன். அங்கேயும் அதே திரண்ட உடல், அதே இழைகள். எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எல்லாக் குழிகளிலும் நாங்கள் பொதுவாகச் செய்தது ஒன்றே ஒன்று: செல்லுக்கு ஊட்டமாகப் போடுகிற ரத்தச் சீரத்தை நிறுத்தி, சீரம் இல்லாத மீடியாவுக்கு (வளர்ப்புத் திரவத்துக்கு) மாற்றியிருந்தோம். மேடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய் ஷூ கவர் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று இரவு பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று கேமராவை ஓடவிட்டோம். மறுநாள் அதை வேகமாக ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. உண்மையான நியூரான் இழை வளர்க்கும்போது அதன் நுனி முன்னால் துழாவிக்கொண்டே போகும். விரல் விரித்து, தடவி, பின்வாங்கி, மறுபடி நீளும். எங்கள் படத்தில் எதுவும் முன்னால் போகவில்லை. செல்லின் உடல்தான் உள்பக்கமாகச் சுருங்கியது. கொடியில் கிளிப் போட்ட துணி சுருங்கும்போது கிளிப் மாட்டிய முனைகள் மட்டும் இழுபட்டுக் கூராக நிற்குமே, அந்த மாதிரி. பிளாஸ்டிக்கை விடாமல் பிடித்திருந்த ஓரங்கள்தான் 'இழை'யாகத் தெரிந்தன. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

இதில் ஏமாந்தவர்கள் நாங்கள் முதல் ஆள் இல்லை. 2000ஆம் ஆண்டில் வுட்பரி, பிளாக் குழுவினர் எலியின், மனிதரின் மஜ்ஜை செல்களைப் பீட்டா-மெர்காப்டோஎத்தனால், டி.எம்.எஸ்.ஓ போன்ற ரசாயனங்களைக் கொண்டு சில மணி நேரத்தில் நியூரான் மாதிரி மாற்றிக் காட்டினார்கள். துறையே துள்ளிக் குதித்தது. 2004இல் டஸ்ஸின்ஸ்கி குழுவினர் அதே வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். செல்லின் மேல் டிடர்ஜென்ட் ஊற்றினார்கள், அதிக உப்புக் கரைசல் ஊற்றினார்கள், அமில காரத்தன்மையைக் கண்டபடி மாற்றினார்கள். எல்லாவற்றிலும் அதே 'நியூரான்' வந்தது. செல் வலியில் சுருங்குவதைத்தான் எல்லோரும் பிறப்பு என்று நினைத்திருந்தோம். டி.எம்.எஸ்.ஓ அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, கவனியுங்கள். ஃப்ளூவாக்ஸெட்டினை நாம் கரைப்பது அதில்தான். அதனால் மருந்து இல்லாத குழிகளுக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ கட்டாயம் போட வேண்டும், மொத்தத்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. இதைச் செய்யாத படங்களை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

"சரிக்கா, ஸ்டெயின் பண்ணிப் பார்த்துடலாம்" என்றான் தம்பி. பீட்டா-3 டியூபுலின், நெஸ்டின் என்ற நரம்பு மார்க்கர்கள் இரண்டுக்கும், அவற்றில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடி போட்டோம். இரண்டும் பச்சையாக மின்னின. அவன் கண்ணும் மின்னியது. மருந்து போடாத, சீரத்திலேயே சௌக்கியமாகக் கிடந்த, தட்டையான செல்லை எடுத்து அதே ஆன்டிபாடி போட்டேன். அதிலும் கொஞ்சம் மின்னியது. மஜ்ஜை ஸ்டெம் செல்கள் எந்த மாற்றமும் செய்யாதபோதே சில நரம்புப் புரதங்களைச் சுமந்துகொண்டிருக்கும் என்பதும் 2004 வாக்கிலேயே எழுதப்பட்ட சங்கதிதான். மார்க்கர் என்பது சட்டை. காக்கிச் சட்டை போட்டவரெல்லாம் போலீஸ் ஆகிவிட முடியாது.

கடைசியாகப் பக்கத்து ஆய்வகத்தில் கண்ணாடி ஊசியால் செல்லைத் தொட்டு மின்துடிப்பு பார்ப்பவரிடம் கெஞ்சி ஒரு மதியம் வாங்கினோம். நியூரான் என்றால் தூண்டியதும் மின்சாரம் ஒரு முள் போலக் குத்திட்டு எழ வேண்டும். எங்கள் அழகான பத்து மைக்ரோமோலார் செல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. "அழகா இருக்கு, ஆனா பேச மாட்டேங்குது" என்றார் அவர். மஜ்ஜை செல்லுக்கு ஒரு நட்சத்திரம் என்று மேலே சொன்னதன் மொத்தக் கணக்கு அந்த மதியம்தான்.

அடுத்த நாலு மாதம் வேறு செல். வளர்ந்த எலியின் ஹிப்போகேம்பஸிலிருந்து எடுத்த முன்னோடி செல்கள். இவை ஏற்கெனவே நரம்புக் குடும்பத்துப் பிள்ளைகள். வளர்ச்சிக் காரணியான எஃப்.ஜி.எஃப் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெருகிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் நியூரானாகவோ துணை செல்லாகவோ பிரிந்து போகும். தட்டுக்கு அடியில் செல் பிடித்துக்கொள்ள லாமினின் என்ற புரதப் பூச்சு, எஃப்.ஜி.எஃப் நிறுத்தம், அதோடு ஒரே ஒரு மைக்ரோமோலார் ஃப்ளூவாக்ஸெட்டின், பத்து நாள்.

இங்கே பொடி வேறு முகம் காட்டியது. ஆர்ப்பாட்டம் இல்லை. முதல் நாலு நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏழாம் நாளில் இழைகள் கொஞ்சம் நீளமாகவும் கிளை கூடியும் தெரிந்தன. என் கண்ணை நானே நம்பவில்லை. ஆசைப்பட்டால் கண் எதையும் காட்டும். தம்பியை விட்டு எல்லாக் குழிகளின் அடையாளத்தையும் டேப் ஒட்டி மறைக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து எண்ணினேன். டேப்பை உரித்தபோது மருந்து போட்ட குழிகளே முன்னால் நின்றன. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அடுத்த சுற்றிலும் அதே பக்கம். மூன்றாவது சுற்றில் ஒன்றும் வரவில்லை. பழைய பாசேஜ் செல், பெருகிப் பெருகிக் களைத்துப்போனது. என் கணிப்பில் பொடியின் மேல் தப்பு இல்லை. இளம் பாசேஜில் மறுபடி செய்தபோது வந்தது. கண்ணாடி ஊசிக்காரரிடம் மறுபடி போனோம். இந்தத் தடவை சில செல்கள் பேசின. மருந்து போடாத குழியிலிருந்தும் சில பேசின, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆக, பொடி ஜாதி மாற்றுவதில்லை. ஏற்கெனவே அந்தப் பாதையில் நடப்பவர்களைக் கொஞ்சம் வேகமாக நடக்க வைக்கிறது. எனிகோலோபோவ் குழு 2006இல் எலியின் மூளையிலேயே இதைக் காட்டியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது: ஃப்ளூவாக்ஸெட்டின் அடி ஸ்டெம் செல்லைப் பெருக்குவதில்லை, அதற்கு அடுத்த தலைமுறையான, வேகமாகப் பிரியும் முன்னோடி செல்களைத்தான் கூட்டுகிறது. முதலிலேயே படித்திருந்தால் மஜ்ஜையோடு நாலு மாதம் மல்லுக்கட்டியிருக்க மாட்டோம்.

ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் குடைந்தது. இந்த மருந்தின் வேலை செரட்டோனினை உறிஞ்சும் கதவை அடைப்பது. தட்டில் செரட்டோனின் சுரக்கும் நரம்பு எங்கே இருக்கிறது? சீரத்தில் வேண்டுமானால் கொஞ்சம் உண்டு, ரத்தத்தட்டுகளிலிருந்து வந்தது. நாங்களோ சீரமே போடவில்லை. யாரும் வராத வீட்டில் கதவை அடைத்து என்ன பயன்? கதவைத் தவிர வேறு எதையோ மருந்து தொடுகிறது என்றுதான் அர்த்தம். 2021இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஈரோ கஸ்ட்ரென் குழு ஒரு பதில் சொன்னது: ஃப்ளூவாக்ஸெட்டினும் இமிப்ரமினும் கெட்டமினும்கூட, பி.டி.என்.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஏற்பியான (செல்லில் அந்தப் புரதம் வந்து ஒட்டும் இடமான) டிராக்-பியில் நேரடியாகவே போய் ஒட்டுகின்றன. அதற்கு முன்னால் 2011இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மனித ஹிப்போகேம்பஸ் முன்னோடி செல்களில் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சோதித்தவர்கள், அங்கே மன அழுத்த ஹார்மோனின் ஏற்பி வழியாக நியூரான்கள் கூடுவதைக் கண்டார்கள். அந்த ஏற்பியை அடைத்தால் பலன் மறைந்தது. ஆக ஒரே பொடிக்குப் பல சாவிகள். வாங்குகிறவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளலாம், வசதியாகவும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் குறைதான். ஒரு பலன் வந்தால் எந்தப் பூட்டு திறந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஏற்பிக்கும் தனித்தனியாகத் தடுப்பு மருந்து வாங்க வேண்டியிருக்கிறது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. இமிப்ரமின் தட்டில் ஃப்ளூவாக்ஸெட்டினைவிடச் சாது மாதிரி தெரிந்தது, பலனும் அதே மாதிரி சாது. வால்ப்ரோயிக் அமிலம் மனச்சோர்வு மருந்தல்ல, வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுப்பது. ஆனால் முன்னோடி செல்லை நியூரான் பக்கம் தள்ளுவதில் அதற்கு நல்ல கை. டி.என்.ஏ சுற்றியிருக்கும் புரதங்களின் பூட்டைத் தளர்த்துகிற வேலை அதனுடையது. 2004இல் ஃபிரெட் கேஜ் குழு அதைக் காட்டியது. நியூரான்தான் வேண்டும், எப்படி வந்தாலும் சரி என்பவருக்கு இவை எதுவுமே வேண்டாம். யமனாக்கா 2006இல் காட்டிய வழியில் தோல் செல்லை முதலில் கருநிலைக்குத் திருப்பி, அங்கிருந்து நியூரானுக்குக் கொண்டுவரலாம். மாதக் கணக்கில் ஆகும், ஆனால் அந்த செல் பேசும்.

அண்ணன் மறுபடி போன் செய்தபோது மஜ்ஜை செல் கதையை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு முளைக்கலையா?" என்றார். மனித மூளையில் வளர்ந்த பிறகும் ஹிப்போகேம்பஸில் நியூரான் பிறக்கிறது என்று 1998இல் சொன்னார்கள். 2013இல் கார்பன்-14 கணக்கு வைத்து மூளையின் ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸுக்கு நாளைக்கு 700 என்று எண்ணிக்கையே சொன்னார்கள். 2018இல் ஒரு குழு வளர்ந்தவர்களிடம் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றது, அதே வருடம் இன்னொரு குழு முதுமை வரைக்கும் பிறக்கிறது என்றது. அந்தச் சண்டையை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "தட்டுல நடக்கிறதை வச்சு உங்க தலையைக் கணக்குப் பண்ணாதீங்கண்ணா. டாக்டர் சொல்லாம மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். "நிறுத்தல, நிறுத்தல. இப்பத்தான் ராத்திரி தூக்கம் வருது" என்றார்.

அவருக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றை வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இந்த மருந்தே சாட்சி. பக்கவாதத்துக்குப் பிறகு ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுத்தால் கை கால் அசைவு நன்றாகத் திரும்புகிறது என்று 2011இல் 118 பேரை வைத்து நடத்திய ஃபிளேம் ஆய்வு சொன்னது. 2019இல் 3,127 பேரைச் சேர்த்த ஃபோக்கஸ் ஆய்வில் அந்தப் பலன் காணாமல் போனது. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. இதைப் படித்த பிறகும் மஜ்ஜை செல்லோடு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்து நரம்பைச் சரிசெய்கிறோம் என்று யாராவது ஊசியோடு வந்தால், மருந்து போடாத குழியின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மைனஸ் 20இல் இன்னும் பதினோரு குழாய்கள் இருக்கின்றன. எல்லாம் முன்னோடி செல்லுக்கு. டப்பா மூடியில் சிவப்பு மையில் 'மஜ்ஜைக்கு எடுக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வாரம் திறந்தபோது பார்த்தேன், அதற்குக் கீழே பென்சிலால் குட்டி எழுத்தில் தம்பி எழுதிவைத்திருந்தான்: 345.8.